கேட்டால்தான் சொல்லும் கொம்பிரசர்

நம்ம ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்த்த றபீக் காக்கா மௌத்தான செய்தி, நான் ஆலையில் கணினித் திரைக்கு முன்னால் இருந்தபோது வந்தது. காலையில் வீட்டில் நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்று காவலாளி இஸ்மாயில் மாமா சொன்னார்.

காக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய கவலையும் தெரியும். சுனாமியில் கடல் வந்து போனபின் ஆலையில் மிஞ்சியது ஒரு பழைய கொம்பிரசர். உதவியாகப் புதியவை வந்தன. அவை நெட்வேர்க்கில் கதைப்பவை. கோளாறு என்றால் தாமாகவே திரையில் சிவப்பாகக் காட்டி மணியும் அடிக்கும். பழையது இரண்டு வயரில், மொட்பஸ் என்ற பழைய முறையில் கதைப்பது. திரையில் அதன் இலக்கத்தைத் தட்டிக் கேட்டால் அழுத்தம் எவ்வளவென்று சொல்லும். கேட்காவிட்டால் வெடிக்கப் போனாலும் பேசாது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டில் இருந்த என்னை வேலைக்கு எடுத்தது, அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குத்தான்.

"புதுசுக்கு வாய் கூட. பழசு வெட்கப்பட்ட சாதி, இந்தப் புள்ளையப் போல" என்று மாமா பகிடி பண்ணுவார்.

காக்கா சிரிக்காமல் சொல்வார்: "வயர் அறுந்தாப் புதுசும் ஊமைதான், மாமா."

இரண்டையும் இணைக்கும் பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். வயரும் விளக்குமாக இருந்ததால், குண்டோ என்று சந்தேகப்பட்டு ஆமிச் சோதனைச் சாவடியில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐஸ் ஆலைச் சாமான் என்று எவ்வளவோ விளங்கப்படுத்தினாராம். வெறுங்கையோடு வந்து, "சண்டை முடியட்டும் புள்ள. அதுவரைக்கும் நீதான் பெட்டி" என்றார்.

அன்று பகல் ஆண்கள் எல்லோரும் மையித்து வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தோள் கொடுக்க வேண்டியவர்கள். ஜனாஸா தூக்குமுன் பெண்களும் வீட்டில் முகம் பார்க்கலாம். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் குளிர் அறை ஓடியது பழைய கொம்பிரசரில்; அதை நிறுத்தினால் அங்கே கிடந்த மீனெல்லாம் பழுதாகும்.

"ஒராள் இருக்கத்தானே வேணும். நீ இரு புள்ள, கெதியா வாறம்" என்றார் மாமா.

ஓம் என்றேன். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனாஸா ஆலை வீதியாலேயே போனது. காலடிச் சத்தம் கேட்டது. அந்த நேரம் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. என்னால் எழும்ப முடியவில்லை.

சண்டை முடிந்தபின் வேறொரு பெட்டி வந்து, பொருத்தியாயிற்று. பழையதும் இப்போது தானாகவே மணி அடிக்கிறது. யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. இனி நான் எங்கேயும் எழும்பிப் போகலாம்.

மற்றவர்கள் கடைசியாகப் பார்த்த முகம் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது, அவர் மௌத்தாவதற்கு முதல் நாள் பின்னேரம் சைக்கிளில் ஏறிக்கொண்டே, "கேட்டுக்கொண்டே இரு புள்ள, விட்டிராத" என்று திரும்பிச் சொன்ன முகம்.