பெயிண்ட்டைச் சுரண்டி ஒட்டுகிறவர்

நான் அடிக்கும் பெயிண்ட்டை என் வீட்டுக்காரர் சுரண்டுவார். இந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளைக் கேட்டு, அக்கம்பக்கத்தார் வேறு என்னென்னவோ நினைத்திருப்பார்கள்.

எங்கள் வீடு விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் வேலை. லீவு நாள் வந்தால் போதும், துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பொம்மை ரயில் எஞ்சின் கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாம் விரல் நகத்தைவிடச் சின்னத் துண்டுகள். பெயிண்ட் என் பொறுப்பு, ஒட்டுவது அவர் பொறுப்பு. ஏன் இப்படிப் பங்கு என்றால், அவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. பெரிய சேலை என்றால் ஒருவழியாகச் சொல்லிவிடுவார். பொட்டு அளவு என்றால் தடுமாற்றம்தான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்துக்குக் கறுப்பு அடித்து, விளிம்பில் சிவப்புக் கோடும் போட்டுக் கொடுப்பேன். மனுஷன் ப்ளேடை எடுத்து, ஒட்டவேண்டிய இடத்தில் கரகரவென்று சுரண்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க இப்பிடிப் பாழ் பண்றீங்க? நீங்க சுரண்டறதுக்கா நான் கண்ணு நோவ அடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்?"

"இந்தாமே, கத்தாத. இது காயிதம் ஒட்டற கோந்து இல்ல. பிளாஸ்டிக்கையே இளக்கி ஒண்ணா சேக்கற பசை. நடுவுல பெயிண்ட் இருந்தா பெயிண்ட்டோட மட்டும் ஒட்டிக்கினு நிக்கும். நாளைக்கே உரிஞ்சி வந்துடும்."

ஒட்டி முடித்ததும் பார்த்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். சுரண்டின தடம் துளிகூட வெளியே தெரியாது. ஒல்லிப் பிரஷ் நுனியில் பசையைத் தொட்டு இடுக்கில் வைப்பார். அது தானாக உள்ளே ஓடும். அதற்கப்புறம் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டே இருப்பார். அதற்குள் நான் நாலு தோசை சுட்டு முடித்துவிடுவேன். அந்தப் பொறுமை ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு வராது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கையைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

ரயில் ஓட்ட ஆசைப்பட்ட கை அது. எழுத்துப் பரீட்சையில் பாஸ் ஆனவரை மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். முழுக்க வண்ணப் புள்ளிகளாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே தெரிகிற நம்பரைச் சொல்லச் சொன்னார்களாம். சில பக்கங்களில் நம்பரே இல்லை என்று இவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். காலிப் பக்கத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள், தன் இடத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "உங்களுக்குத்தான் கலர் தெரியலியே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "அது வேற, இது வேற" என்பார். பிடித்த பிடியை விடமாட்டார்.

இந்த வருஷம் எங்கள் மகள் அதே வேலைக்குப் பரீட்சை எழுதி பாஸ் ஆகிவிட்டாள். மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். பெண் பிள்ளைக்கு இந்தக் குறை அவ்வளவாக வராது என்று கண் டாக்டர் சொன்னது இவர் காதில் ஏறவில்லை. "எனக்கும் அந்த புக்கைப் பாக்கற வரிக்கும் கொறை இருக்கறது தெரியலியே" என்றார். அந்தப் புள்ளிகளைப் போனிலேயே பார்த்துவிடலாம் என்றாள் மகள். "வாணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

மகள் மெடிக்கலுக்குச் சென்னைக்குப் போன அன்று மண்டிக்கு லீவு போட்டுவிட்டு எஞ்சினை எடுத்து வைத்தார். நான் பச்சை அடித்துக் கொடுத்திருந்த பக்கத் தகட்டைச் சுரண்டினார், பசை வைத்தார், பிடித்தார். விரலில் பசை இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. கையை எடுத்தால் பெயிண்ட் கரைந்து, பச்சையின் நடுவில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு அவர் கையில் நடந்ததே இல்லை. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் கண் போனிலேயே இருந்தது. ஐயோ பாவமே என்று ஆகிவிட்டது எனக்கு.

"வெச்சிடுங்க. நான் மறுபடி அடிச்சித் தர்றேன்."

"என் கண்ணு அவளுக்கு வந்திருக்கக் கூடாதுமே" என்றார்.

மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, ஃபிட்டுப்பா! கண்ணுல ஒரு கொறையும் இல்லன்னுட்டாங்க!"

நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் கூச்சல் போட்டேன். அவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"அந்தப் புள்ளி புக்கு காட்னாங்களாம்மா?"

"காட்னாங்கப்பா."

"அதுல நம்பர் இல்லாத பக்கம் எத்தினி இருந்துச்சு?"

"இல்லாததா? எனக்குக் காட்ன எல்லாப் பக்கத்துலயும் இருந்துச்சேப்பா."

"ஒண்ணுகூட காலி இல்லியா?"

"இல்லப்பா."

"சரிம்மா. ரொம்ப சந்தோசம். சாப்ட்டுட்டு கெளம்பு" என்று போனை என்னிடம் கொடுத்தார். எஞ்சினை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவுங்க என்னை ஏமாத்தலமே" என்றார். "நம்பர் இருந்திருக்குது."