நடுப்பகல் ஜெனரேட்டர்

குவார்ட்சைட் ஊருக்குத் தெற்கே, பாலைவனத்தில், குளிர்காலத்துக்குத் தாங்கள் குடியிருக்கும் கேரவனைக் கொண்டுவந்து போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் கதவையும் யாரும் சும்மா போய்த் தட்டக்கூடாது. தனியாக இருக்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம். வண்டி மணலில் புதைந்தால் போகலாம். தண்ணீர் தீர்ந்தால் போகலாம். ஜெனரேட்டர் சத்தம் தாங்காமல் சண்டைக்குப் போகலாம். அவ்வளவுதான்.

போன வருடம் ஜனவரியில் என் பக்கத்து இடத்துக்கு ஓபல் ரென்ஃப்ரோ என்ற அம்மா வந்தார். எழுபத்து மூன்று வயது. நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கேரவனை ஒரே தடவையில் பின்னால் எடுத்துக் கோடு போட்ட மாதிரி நிறுத்தினார். எனக்கு அதற்கு மூன்று தடவை வேண்டும்.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இரவு முழுக்க ஆக்ஸிஜன் இயந்திரம் ஓட வேண்டும். ஒரு ராத்திரி அது நின்றாலும் வந்து கூட்டிப்போய் முதியோர் விடுதியில் சேர்த்துவிடுவேன் என்று ஓமஹாவில் இருந்த மகன் சொல்லியிருந்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் தெரிந்தது சத்தம்தான். கூரையில் நாலு சோலார் பலகையை வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஒருத்தர் ஜெனரேட்டர் ஓட்டுகிறார். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் போய்க் கத்தினேன்.

"ஏம்மா, தலைக்கு மேல சூரியன் நிக்குது. இப்ப எதுக்கு இந்த எழவு?"

"வந்துட்டியா? உனக்குக் காது செவிடோன்னு நினைச்சேன்."

"கலிஃபோர்னியா வரைக்கும் கேக்குது."

"அப்ப உள்ள வந்து பாரு. விடியறதுக்குள்ள பேட்டரி படுத்துடுது. மெஷின் கீகீன்னு கத்துது."

பார்த்தேன். நான் நினைத்ததுதான்.

"ரெண்டையும் சேர்த்து ஓட்டக்கூடாதும்மா. ஜெனரேட்டர் ஓடுறப்ப வோல்ட்டு ஏறி நிக்கும். அதைப் பார்த்துட்டு சோலார் பெட்டி, பேட்டரிக்கு வயிறு ரொம்பிடுச்சுன்னு கையக் கழுவிடும். நீங்களும் அந்தப் பெட்டியில பச்சை விளக்கப் பார்த்து ஜெனரேட்டர நிறுத்திடுறீங்க. பேட்டரி பாதி வயித்தோட கிடக்குது. காலைல அது நல்ல பசியில இருக்கும். அப்ப ஒரு மணி நேரம் ஜெனரேட்டரால அள்ளிப் போடுங்க. மிச்சத்த வெயில் சாயங்காலம் வரைக்கும் மெதுவா ஊட்டும்."

"பெரிய படிப்பு படிச்சிருக்க."

"ஏழாங்கிளாஸ்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. சோள ரொட்டி ஒரு துண்டு கொடுத்தார். நின்றபடியே தின்றுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் நடுப்பகல் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மறுபடி சத்தம். போனேன், திட்டினேன், சொன்னதையே சொன்னேன். அடுத்த வாரமும் அதே கதை. வயசாகிவிட்டது, மறந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஃபியூஸ் பார்க்க பேட்டரி அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறிய பழைய காகிதம். தண்ணீர் கேன்களில் அவர் எழுதிவைத்திருந்த அதே சாய்ந்த எழுத்து. 'காலையில் ஜெனரேட்டர் ஒரு மணி நேரம். பிறகு வெயில் மட்டும். பகலில் இரண்டையும் சேர்த்து ஓட்டாதே.'

கதவை மூடினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி மெஷின் நின்னா?" என்றேன்.

"கத்தும். எழுந்து ஜெனரேட்டரப் போட்டுக்குவேன்."

"எழலைன்னா?"

மேசையில் கிடந்த ரொட்டித் தூளை விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்தார்.

"எல்லாம் ஒழுங்கா ஓடுற வண்டிக்கு யாருப்பா வர்றா?"

தொப்பியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கித் திரும்பினேன்.

"நாளைக்குக் காலைல ஏழரைக்கு ஓட்டுங்க. சத்தம் தாங்கலைன்னு வந்து திட்டுறேன்."

"நல்லா திட்டணும்."

"நல்லாவே திட்டுறேன்."

அப்புறம் தினமும் ஏழரைக்குப் போனேன். அந்தச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். ஜெனரேட்டரை நிறுத்தியதும் எழுந்து வந்துவிடுவேன். அதற்கு மேல் அங்கே இருக்கக் காரணம் இல்லையே. அவருடைய இயந்திரம் அந்தக் குளிர்காலத்தில் அதற்குப் பிறகு ஒரு இரவுகூட நிற்கவில்லை. மார்ச்சில் வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பினார். ஜனவரியில் வருகிறேன் என்றார். போன் நம்பர் நானும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை.

இப்போது ஜனவரி முடியப்போகிறது. அவர் இடத்தில் வேறொரு கேரவன் நிற்கிறது. அந்த ஆள் நாற்காலிகூட வெளியே போடுவதில்லை.

என் பேட்டரி காலை பத்து மணிக்கெல்லாம் வெயிலிலேயே நிறைந்துவிடுகிறது. ஆனாலும் நாலு நாளாக நடுப்பகலில் ஜெனரேட்டரை ஓட்டுகிறேன். அந்த ஆள் இன்னும் திட்ட வரவில்லை.