விமானம் பார்க்காத பால்

கோவையிலிருந்து கொச்சிக்குப் போகும் சிறிய காலை விமானத்தின் விசிறிகள் சுழன்றதும், அந்தப் பழைய உறுமல் காதில் விழுந்தது. மீனாட்சிபுரத்தில், எங்கள் மாட்டுக் கட்டுத்தரைக்கு மேலே தினமும் கேட்ட சத்தம். கேட்டதுமே அம்மா பால் கறப்பதை நிறுத்தி, நுரை ததும்பும் வாளியை முந்தானையால் மூடிவிடுவார்.

"ஏனுங்கம்மா மூடறீங்க?"

"மேலருந்து அத்தன பேரு பாக்கறாங்கல்ல சாமி, பாலுக்குக் கண்ணு பட்டுப் போயிரும்."

நானோ வாயைப் பிளந்து நிற்பேன். ஒரு வீடே வானத்தில் போகிறதே!

இன்று முதல்முறையாக அதற்குள் நான். மேகம் விலகியதும் கீழே தென்னந்தோப்புகள், ஓட்டுக்கூரைகள், மாடா கல்லா என்று தெரியாத ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகுதான் அம்மா நினைவு வந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கீழே யாரோ பால் கறந்துகொண்டிருக்கலாம்.