பளியர்களுக்கு வைத்த சரவெடி

மலைவாழ் மக்களோடு பழகுவது எப்படி என்று எங்கள் கல்லூரியில் நடந்த பயிற்சி வகுப்பில் பேராசிரியர் இருந்தார், பி.ஏ. கடைசி வருடத்து மாணவர்கள் எட்டுப் பேர் இருந்தோம், மலையை வரைந்த கரும்பலகை இருந்தது. மலைவாழ் பளியர்கள் மட்டும் இல்லை. அந்தக் குறையைப் போக்க என்னை எழுப்பி நிறுத்தினார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிப் பருத்தி போடுகிற வீட்டிலிருந்து வந்தவன், செருப்பில்லாதவன் என்பதால் பளியராக நிற்க நானே பொருத்தம் என்று முடிவாயிற்று. அதுவரை நான் மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்ததோடு சரி.

ஒவ்வொருவனாக வந்து கும்பிட்டு, "வாங்க, தேனெல்லாம் நல்லாக் கிடைக்கா?" என்று கேட்டான்.

"கிடைக்கு" என்றேன்.

"உடனே பதில் சொல்லாதே. கூச்சப்படு" என்றார் பேராசிரியர். கூச்சப்பட்டேன். அதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

முடிவில் அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: "உங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தால் என்ன மரியாதை செய்வீர்களோ, அதில் குறை வைக்கக் கூடாது."

பளியர்களைக் கல்லூரிக்கு அழைத்திருந்த நாள் நல்லபடியாக நடந்தே ஆக வேண்டும் எனக்கு. மெட்ராஸிலிருந்து பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார். எங்களில் ஒருவனுக்கு உதவிப்பணத்தோடு எம்.ஏ. இடம் தருவார் என்று பேச்சு. பி.ஏ. முடிந்ததும் உழவுக்கு வந்துவிட வேண்டும் என்று அய்யா சொல்லியிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கல்லூரி வாசலை நோக்கி அவர்கள் நடந்து வந்தார்கள். முன்னால் ஓர் அக்கா, கையில் தேன் பாட்டில். நாரணாபுரத்தில் வெடிக் கம்பெனி வைத்திருந்தவரின் மகன் எங்களோடு படித்தான். வாசலின் குறுக்கே சரவெடியை நீட்டி வைத்திருந்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கும் மந்திரிக்கும் அதுதான் மரியாதை. யாருக்கும் தப்பாகப் படவில்லை. பற்றவைத்தான்.

புகை கலைந்தபோது நாங்கள் கைகூப்பி நின்றிருந்தோம். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது.

"ஏலே, எங்கலே போனாக?" என்றான் அவன்.

"கூச்சம்" என்றார் பேராசிரியர்.

நான் ஓடினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கன்னு கூப்பிட்டுட்டு வெடி வச்சு வெரட்டுதீகளே தம்பி, நாங்க என்ன காட்டுப்பன்னியா?" என்றார் அக்கா. மலைத் தோட்டங்களில் யானையையும் பன்றியையும் விரட்டத்தான் வெடி போடுவார்களாம். அதுவும் சிவகாசி வெடிதானாம்.

"ஐயோ அக்கா, அது மரியாதை! மந்திரி வந்தாலும் இப்படித்தான் போடுவோம்."

"மந்திரி ஓடலையா?"

"ஓடலையே."

"அப்ப இன்னும் நெறையப் போடணும் போல."

பெஞ்சே குலுங்கச் சிரித்தார்கள். ஆனாலும் அந்த வாசலுக்கு மறுபடி வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமிருக்கு. பேசணும்னா அவுகள இங்கன வரச் சொல்லுங்க."

திரும்ப ஓடினேன். மூச்சிரைக்க நான் சொல்லி முடிப்பதற்குள் மெட்ராஸ்காரர் எழுந்துவிட்டார். காலையிலிருந்து நல்ல டீ கிடைக்காத வருத்தம் அவருக்கு. கல்லூரியே அவர் பின்னால் டீக்கடைக்கு நடந்தது. பளியர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பஸ் வரும்வரை பேச்சு ஓயவில்லை. பேராசிரியர் மட்டும் கூச்சப்பட்டார்.

"நீங்கள் வந்ததற்கு மாணவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"மத்தவக வெடி வச்சாக. கூப்பிட ஓடி வந்தது இந்தத் தம்பிதான்" என்று அக்கா என்னைக் காட்டினார். அதிகாரி என் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

"வெடி என்னோடது, மெட்ராஸ் ஒனக்காலே?" என்று நாரணாபுரத்தான் என் விலாவில் இடித்தான்.

கல்லூரிக்குள் போடும் விருந்துக்குத்தான் பணம் உண்டு, டீக்கடைக்கு இல்லை என்று கல்லூரி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வெடி நாரணாபுரத்தான் வீட்டுக் கம்பெனியிலிருந்து சும்மா வந்தது. டீ, வடை, பளியர்கள் வழிக்குக் கட்டிக்கொண்ட சேவு எல்லாம் எங்கள் எட்டுப் பேர் தலையில் விழுந்தது: பத்தொன்பது ரூபாய் இருபது நயா பைசா.