நானா போட்ட கிளச்

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு ஒன்பது ஜீப்புகள் கல்முனையிலிருந்து புறப்பட்டு, பொத்துவிலுக்கு அப்பாலுள்ள காட்டுப்பாதையில் பொழுதுபோக்காக ஓட்டப் போக இருந்தன. அதில் ஒன்று என்னுடையது. காலை எட்டு மணியிலிருந்து நான் அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் போய்ச் சேற்றில் புரளப்போகிற வண்டியை எந்த மடையன் இப்படித் தேய்ப்பான் என்று யாராவது கேட்டிருந்தால், இந்த மடையன்தான் என்று சொல்லியிருப்பேன். கை சும்மா இருந்தால் மனம் ஓடத் தொடங்கிவிடும். அதனால் கையை நிறுத்தவில்லை.

கடற்கரையில் கிடக்கிற வண்டிக்கு முதலில் அடிப்பக்கம்தான் போகும். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அடியெல்லாம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டு, பழைய எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து பூசினேன். பிரேக்கில் ஒரு துளி பட்டாலும் ஆபத்து என்று நாலு சில்லுக்கும் உள்பக்கம் துணி சுற்றிக் கட்டினேன். பிடவைக்கடை வைத்திருக்கிற எனக்குத் துணிக்கா பஞ்சம்? டயரில் காற்றுப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்த்தேன். இழுவைக் கயிற்றைச் சுருட்டினேன், பிடிக்கவில்லை, அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன். கிளச்சின் பக்கம் மட்டும் போகவே இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் இதே காட்டில் ஓர் ஆற்றைக் கடக்கும்போது என் ஜீப் நடு ஆற்றில் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கதவு வரைக்கும் தண்ணீர். கரையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் “கிளச் போயிட்டு!” என்று கத்தினார்கள். கிளச்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்து எனக்குத்தான் உடம்பு விறைத்துப்போனது. கிளச்சை மிதித்த காலை எடுக்க முடியாமல், மற்றக் காலால் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு இருந்தேன். விசயம் அவ்வளவுதான்.

கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள். “என்னடா நடந்த?” என்று கேட்டபோது வாயில் வந்தது பொய். “போன கிழமைதான் நானாட்டக் கிளச் போட்ட. பாருங்க, போயிட்டு” என்றேன். நானா என்று, அண்ணன் முறை வைத்து, நான் சொன்னது நற்பிட்டிமுனைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக்கை. எங்கள் ஒன்பது ஜீப்புக்கும் அவர்தான் வேலை பார்த்தார். ஒரு பொய் சொன்னதற்காக, நன்றாக ஓடக்கூடிய ஜீப்பைக் கல்முனை வரைக்கும் கயிற்றில் இழுபடவிட்டு, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து வந்தேன். அதோடும் விட்டேனா? வீட்டுக்கு வந்து எங்கள் குழுவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸும் போட்டேன். “நானாட வேல இப்ப சரியில்ல, பார்த்துக்கங்க.” இரண்டு கிழமை ஜீப்பை மூடி வைத்துவிட்டு, கொழும்பில் கொடுத்துக் கிளச் மாற்றினேன் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன்.

ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் நானாவிடம் போவதை விட்டார்கள். பிறகு அவர் ஜீப் வேலையே எடுப்பதில்லை, முச்சக்கரவண்டிதான் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் நான் ஜீப்புக்கு அடியில் கிடந்தேன். ஒரு சோடிச் செருப்பு வந்து நின்றது.

“தம்பி, உள்ளுக்கா இரிக்கீங்க?”

நானாவின் குரல். அப்படியே அடியிலேயே கிடந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெளியே வந்தேன். வெள்ளை ஜுப்பா போட்டுத் தொப்பியோடு நின்றார்.

“நாளைக்கு உம்ராவுக்குப் போறன், இன்ஷா அல்லாஹ். அதான் ஊட்டுக்கு ஊடு போய்ப் பொறுப்புக் கேட்டுட்டு வாறன்” என்றார்.

மக்காவுக்குப் பயணம் போகிறவர்கள் அப்படித்தான் எல்லா வீட்டுக்கும் வருவார்கள். ‘தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதப் பொறுத்துக்கங்க’ என்பார்கள், நாங்களும் பொறுத்தோம் என்போம். ஆனால் அவர் அந்தச் சம்பிரதாயத்தோடு நிறுத்தவில்லை.

“அந்தக் கிளச் விசயம் தம்பி. நான் எங்க பிழ விட்ட எண்டு இண்டைக்கு வரைக்கும் விளங்கல்ல. படுத்தாலும் அதுதான் யோசின. ஆத்துக்க உங்கட உசிருக்கு ஏதும் ஆகியிருந்தா அல்லாஹ்க்கிட்ட நான் என்னத்தச் சொல்ற? என்னப் பொறுத்துக்கங்க.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “பொறுத்துட்டன் நானா” என்றேன்.

அவர் என் ஒயில் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அவருடைய கையிலும் வெள்ளை ஜுப்பாவிலும் கறுப்பு அப்பிக்கொண்டது. அதைக் கவனிக்காமலே சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அவருக்கென்று ஊற்றிய பிளேன்டிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“பொறுத்துட்டன் எண்டா சொன்னீங்க? வாய் கூசல்லையா உங்களுக்கு?”

“காட்டால வந்து சொல்றன் புள்ள.”

“அவரு நாளைக்குப் போறாரு, நீங்களும் நாளைக்குப் போறீங்க. ஒரு குத்தமும் செய்யாத மனிசன் மக்காவில போய் நிண்டு உங்கட குத்தத்துக்கு அழப்போறாரு. நீங்க கிடந்து சில்லத் தேயுங்க!”

பிளேன்டியை மண்ணில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒரு சில்லைத் தேய்த்தேன். தேய்த்த சில்லையே திரும்பவும் தேய்த்தேன். சவர்க்கார வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

சில்லில் கட்டிய துணிகளை அவிழ்க்கவில்லை என்பது கடைத்தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நாலு பக்கமும் கிழிசல் பறக்க, பாதி சவர்க்கார நுரையோடு போன என்னைப் பார்த்து ஒருவர், “என்ன, ஜீப்புக்குக் கலியாணமா?” என்று கேட்டார். நிறுத்தாமல் கராஜுக்கு ஓட்டினேன்.

நானா கராஜைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு முச்சக்கரவண்டிகள் நின்றன. நான் இறங்கி, சலாம்கூடச் சொல்லாமல் கொட்டினேன்.

“நானா, அண்டைக்குக் கிளச் போகல்ல. நான் பயந்துட்டன். மிதிச்ச கால எடுக்கல்ல. வெக்கத்தில உங்கட பேரச் சொல்லிட்டன்.”

அவர் பூட்டிய திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“கொழும்பில மாத்தின எண்டு சொன்னாங்களே?”

“மாத்தல்ல. நீங்க போட்டதுதான் இன்னும் ஓடுது.”

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். கிளச்சை மிதித்து, கியரைப் போட்டு, மெதுவாக விட்டார். ஜீப் ஒரு முழம் முன்னால் போய் நின்றது. திரும்ப மிதித்தார், திரும்ப விட்டார். மூன்றாவது தடவை அவருடைய தோள் குலுங்கியது.

“நல்லாத்தானே இரிக்கி” என்றார். என்னிடம் சொல்லவில்லை. “யா அல்லாஹ், நல்லாத்தானே இரிக்கி.”

“என்னப் பொறுத்துக்கங்க நானா” என்றேன்.

அவர் இறங்கி வந்தார். கையில் என் ஒயில் கறை இன்னும் இருந்தது.

“நான் கேட்ட உடன நீங்க பொறுத்தீங்க. எனக்கு அப்பிடி உடன வருதில்ல தம்பி. பொய்யா வாயால சொல்லவும் ஏலாது. அங்க போய்க் கஃபாவுக்கு முன்னால நிண்டு பார்க்கன். மனசு வந்தாச் சொல்லியனுப்புறன். அதுக்கு முதல்ல, நீங்க எங்க அதச் சொன்னீங்களோ அங்க போய் இதச் சொல்லுங்க.”

போனை எடுத்தேன். அவர் முன்னாலேயே நின்று குழுவுக்கு வொய்ஸ் போட்டேன். பயந்ததைச் சொன்னேன், பொய் சொன்னதைச் சொன்னேன், நானாவின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன். எட்டுப் பேரும் கேட்டார்கள். பிறகு எங்களை முன்னால் நின்று கூட்டிப்போகிற மச்சான் மட்டும் எழுதினான். “நாளைக்குக் கடைசி ஜீப் நீ. நாங்க இப்ப நானாட ஊட்ட போறம், எங்களுக்கும் பொறுப்புக் கேட்க இரிக்கி.”

மறுநாள் அதே ஆறு. எட்டு ஜீப்பும் கடந்து அக்கரையில் நின்றன. நான் கடைசியாக இறங்கினேன். பாதியில் தண்ணீர் கதவைத் தொட்டபோது இடது கால் தானாகவே கிளச்சை மிதித்துவிட்டது.

“கால எடுடா!” என்று எட்டுப் பேரும் அக்கரையில் நின்று கத்தினார்கள்.

எடுத்தேன். கிளச் பிடித்தது. ஜீப் இழுத்துக்கொண்டு கரையேறியது. அவர்கள் விசிலடித்து, முதுகில் அறைந்து, பகிடி பண்ணினார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தேன். காட்டில் சிக்னல் இல்லை என்று தெரியும். அவர் இன்னும் மக்காவுக்குப் போய்ச் சேரவில்லை என்றும் தெரியும். தெரிந்தும், அன்று முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.