மூடிக்கு அடியில்

இடது கை கேனின் மூடியைத் திருகித் தூக்கிய வேகத்திலேயே மூக்கடிக்குக் கொண்டுவந்தது. பாலின் வாடை பாலில் இருப்பதைவிட மூடிக்கு அடியில்தான் அடைந்து கிடக்கும். காற்றுப் பட்டால் ஓடிவிடும். ஒரே ஒரு மூச்சு. வலது கை சீட்டில் கோடு போட்டது. கோடு என்றால் நல்லது, பெருக்கல் குறி என்றால் கெட்டது. மூன்று கேன் முடிந்ததும் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சொந்த உடம்பின் வாடையை மூளை கண்டுகொள்வதில்லை. மூக்குக்கு அதுதான் ஓய்வு.

இன்னும் ஏழு கேன்கள். பின்னால், இந்தப் பரீட்சையை வைத்த மேலாளர் நின்றிருந்தார். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும்.

பால் சேகரிப்பு நிலையத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு ‘மூக்கு அக்கா’ என்றுதான் பெயர். மாடு என்ன தின்றது என்பதோடு மாட்டுக்காரர் என்ன குடித்தார் என்பதையும் சொல்லிவிடுவாள் என்று வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த மூக்கை மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று துடைத்து எடுத்துவிட்டது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரண்டு மாதம் பாலின் நிறத்தையும் கொண்டுவந்தவர் முகத்தையும் பார்த்தே கோடு போட்டாள். ஒருநாள் கெட்ட கேன் ஒன்று டேங்கரில் கலந்து, மொத்தப் பாலும் சாக்கடைக்குப் போயிற்று. பழி கேன் கழுவுகிறவர் தலையில் விழுந்தது. அறுபதை நெருங்கிய மனிதர். சரியாகத்தான் கழுவினேன் என்று நின்று அழுதார். அவரை அனுப்பிவிட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு வாசனை திரும்பியது, ஆனால் தாறுமாறாக. நல்ல பால் தீய்ந்த முடியாக நாறியது. சோப்பு, சோறு எல்லாமே அழுகல். வாடையைப் பிடிப்பது மட்டும்தான் மூக்கு, இன்னதென்று சொல்வது மூளை என்றார் டாக்டர். ஒரு வாசனைக்கு எத்தனையோ நரம்புகள் சேர்ந்து கையெழுத்துப் போடுகின்றன. பாதி நரம்புகள் போய்விட்டால் மூளைக்குக் கையெழுத்து அடையாளம் தெரிவதில்லை. தெரியாததை நஞ்சென்று ஒதுக்குகிறது. தினமும் ஒரே பொருளை முகர்ந்து, பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினால் மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.

அவளுக்குப் பழைய வாசனைக்காகக் காத்திருக்க நேரமில்லை. புதிய நாற்றங்களையே மனப்பாடம் செய்தாள். கறந்த பால், நான்கு மணி நேரப் பால், எட்டு மணி நேரப் பால் என்று தம்ளர்களில் ஊற்றிவைக்க, தையல்காரரான கணவர் அவற்றை இடம் மாற்றி அடுக்குவார்.

“பத்தாவதுகூடத் தாண்டாதவளுக்கு இப்ப என்னடி பரீட்சை?” என்று சிரிப்பார்.

அவள் சிரிக்கவில்லை. தீய்ந்த முடி என்றால் புதுப் பால். முடி நாற்றம் தணிந்து ஈரச் சுவர் தலைகாட்டினால் புளிக்கத் தொடங்கிவிட்டது. இனிப்பு வாடை வந்தால் முழுக்கக் கெட்டது. ஆறு வாரத்தில் தம்ளருக்குத் தம்ளர் சரியாகச் சொன்னாள்.

மகளின் தலைமுடியை மட்டும் பழக்க முடியவில்லை. சின்னவள் மடியில் வந்து விழும்போதெல்லாம் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

“நான் குளிச்சுட்டேனேம்மா,” என்றாள் குழந்தை ஒருநாள். அதற்குப் பிறகு மடிக்கு வருவதில்லை.

நான்காவது கேன், தீய்ந்த முடி. கோடு. ஐந்தும் ஆறும் அப்படியே. ஏழாவதில் ஈரச் சுவர் லேசாக எட்டிப் பார்த்தது. பெருக்கல் குறி. எட்டாவது கோடு. ஒன்பதாவது மூடிக்கு அடியில் இனிப்பு. பெருக்கல் குறி. பத்தாவது கோடு.

மேலாளர் ஆய்வக முடிவு எழுதியிருந்த தன் தாளை எடுத்து, அவள் தோளுக்கு மேலாகச் சீட்டைப் பார்த்துச் சரிபார்த்தார்.

“பத்துக்குப் பத்தும்மா. உங்க மூக்குல ஒரு குறையும் இல்ல.”

அவள் மூச்சை வெளியே விட்டாள்.

“அப்ப அன்னைக்கு நடந்தது கழுவினவர் தப்புதான். திரும்ப வேலை கேட்டு மனு போட்டிருக்கார். இந்தச் சீட்டையே அதோட வச்சு மனுவைத் தள்ளிடலாம். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“அவரு கழுவினது...” என்று தொடங்கினாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார்.”

கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை ஊதிவிட்டு, சீட்டை அவரிடம் நீட்டினாள்.