‘போலே தாஹான்’ என்று சொன்ன மூன்று நாட்கள்

பெட்டி ஒட்டும் டேப்பை உருளையிலிருந்து இழுத்தால் கிர்ரென்று ஒரு சத்தம் வரும். ஜொகூர் பக்கம், பெக்கான் நானாஸில் நான் வேலை செய்யும் கடையில் பண்டிகைக்கு முந்திய வாரங்களில் நாள் முழுவதும் அதே சத்தம்தான். அன்னாசி பிஸ்கட் டப்பாக்களை அடுக்கி, மூடி, இழுத்து, ஒட்டி, அறுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது வேலையின் சத்தம். எனக்கோ, என் விலாவில் செருகியிருந்த குழாயை எடுக்கும் முன் தாதி பிளாஸ்டரை உரித்த சத்தம். அன்று சத்தம் மட்டும்தான் கேட்டது. தோல் உரிவது தெரியவில்லை. வேறு யாருடைய தோலையோ திரைக்கு அந்தப் பக்கம் உரிப்பதைப் போல, கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் என் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியைக் கட்டியோடு எடுத்தார்கள். முதுகிலிருந்து மார்புக்குக் கீழ்வரை சாய்வாக ஒரு வெட்டு. ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரத்தில் போடும் கோட்டைப் போல. பெக்கோக் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு வேறு எதைச் சொல்லத் தெரியும்? விலா எலும்புகளை விரித்து வைத்துத்தான் உள்ளே போனார்கள். காயம் ஆறிற்று. கட்டி திரும்பவில்லை. எல்லோரும் நல்லது என்றார்கள். நானும் நல்லது என்றேன்.

ஆனால் கோட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை மரத்துப்போய்விட்டது. மரத்துப்போவது. எவ்வளவு சரியான சொல். விரலால் அழுத்தினால் பட்டையைத்தான் தொடுகிறேன், உடம்பை அல்ல. அதே இடத்தில் துணி உரசினால் மட்டும் நெருப்பு. மரத்த இடம் எப்படி எரியும் என்று கணவர் ஒருமுறை கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ரவிக்கைகளை மடித்து வைத்துவிட்டேன். அவருடைய பழைய, நைந்த டீசட்டைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்கிறேன், தையல் தோலில் படாமலிருக்க. கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. நின்றதற்காக வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஒரு வருடம் கழித்து வலிக்கென்று இருக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர், மலாய்க்காரப் பெண். ஒவ்வொன்றாகக் கேட்டார். அறுவைக்கு முன்பே உடம்பில் எங்காவது நாள்பட்ட வலி இருந்ததா? இருந்தது, நின்று நின்று வேலை செய்த இடுப்பு. அதற்கு முந்திய வாரங்களில் மிகவும் பயந்தீர்களா? பயந்தேன், யாரிடமும் காட்டவில்லை. பெரிய வெட்டா, சின்னத் துளைகளா? அவரே பார்த்துக்கொண்டார். பிறகு, முதல் சில நாட்கள் வலி எப்படி இருந்தது என்றார்.

ஒவ்வொரு விலா எலும்புக்கு அடியிலும் ஒரு நரம்பு ஓடுகிறதாம். விரிக்கும்போது அது நசுங்கும். சிலருக்கு அடங்கிவிடும், சிலருக்கு அடங்காது. பெண்ணாக இருப்பது, அவ்வளவு வயதாகாமல் இருப்பது, ஏற்கெனவே வலியோடு வருவது, பயம், முதல் நாட்களில் அடக்கப்படாத கடும் வலி. இவையெல்லாம் அடங்காத பக்கமாகத் தள்ளக்கூடியவை, ஆனால் ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டுப் பழைய குறிப்பைத் திருப்பினார். முதல் மூன்று நாளும் பத்துக்கு இரண்டு, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது.

அங்கேதான் புரிந்தது. தாதி ஒவ்வொரு முறையும் வந்து வலி பத்துக்கு எத்தனை என்று மலாயில் கேட்டார். நான் எண் சொல்லவில்லை. ‘போலே தாஹான்’ என்றேன். தாங்க முடிகிறது என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் இங்கே சாம்பார் சுமாராக இருந்தாலும் போலே தாஹான், பிள்ளையின் பரீட்சை முடிவும் போலே தாஹான். பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் காதில் விழுந்தது. இரண்டு என்று எழுதினார். யார்மேலும் தப்பில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனத்துப் பாட்டி முனகிக்கொண்டிருந்தார், தாதி ஓடிக்கொண்டிருந்தார், நான் தொந்தரவில்லாத நோயாளியாக இருக்க விரும்பினேன்.

அன்றே எட்டு என்று சொல்லியிருந்தால் என்று மருத்துவரைக் கேட்டேன். நரம்பு இப்படியே கூட இருந்திருக்கலாம், ஆனால் மருந்தைக் கூட்டியிருப்போம் என்றார்.

இந்த வருடம் தம்பிக்கு. சிகாமட்டில் வீடு, சிங்கப்பூர் கிடங்கில் வேலை. அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு புள்ளி. என்னைவிட எட்டு வயது சின்னவன். மோட்டார் சைக்கிளில் விழுந்து கால்விரல் உடைந்தபோது, அந்தக் காலோடு கோயிலுக்கு வந்து பாயசம் பரிமாறியவன். அறுவைக்கு முதல் நாள் ஜொகூர் பாருவில் அவன் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

“எனக்கு சின்ன ஓட்டைதான்கா. உன்ன மாதிரி பாதியாப் பொளக்க மாட்டாங்க.”

“சின்ன ஓட்டையிலயும் நரம்பு இருக்குடா. தோள் வலிய டாக்டர்கிட்ட சொன்னியா?”

“அது பழைய வலி லா.”

பழைய வலிதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தாதியைக் கூப்பிட்டு அவனைச் சொல்ல வைத்தேன். பிறகு பழக்கினேன். கேட்டால் எண் மட்டும் சொல்ல வேண்டும், வேறு ஒரு சொல்லும் கூடாது. லாட்டரிக்கு எழுதுகிறவர்களைப் போல நானும் நம்பர் நம்பர் என்று நச்சரிப்பதாகச் சிரித்தான், இது என்ன நம்பர் கடையா என்று. நான் சொன்னதை அவன் மனதில் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. நாளைக்கு அவன் சொல்லப்போகும் சொல் அவன் வாயில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதனால் சட்டையைக் காட்டினேன். ஏன் தையல் வெளியே இருக்கிறது என்று சொன்னேன். மரத்த பட்டை, நெருப்பு, மடித்து வைத்த ரவிக்கைகள். எந்த நடுக்கமும் இல்லாமல், கடைச் சரக்குப் பட்டியல் படிப்பதைப் போல.

அவன் சிரிப்பு நின்றது. விரிப்பின் ஓரத்தை மடித்தான்.

“நாலு வருஷமா போன் பண்றேன். எப்படி இருக்கன்னு கேட்டா, நீ என்ன சொன்ன?”

போலே தாஹான் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முறையும்.

மறுநாள் காலை தள்ளுகட்டிலில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வழியில் இருந்தாள். அறுவைக்கூடத்துக் கதவருகே, ஊசி ஏற்றிய கையைப் பார்த்து வலிக்கிறதா என்று தாதி மலாயில் கேட்டார். தம்பி வாயைத் திறந்து, மூடி, என் பக்கம் திரும்பினான்.

“மொதல்ல நீ சொல்லுக்கா. இப்ப எவ்ளோ?”

வீட்டு ஆட்கள் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யோசிக்க வேண்டியிருந்தது.

“ஆறு,” என்றேன்.

தலையசைத்தான். கதவு திறந்தது.

“கை மூணு,” என்றான். “பயம் ஒம்போது.”